நம் கையும் பட்டறையும்



சொந்தமாக மோட்டார் கார் வைத்திருப்போர் எல்லோரும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. வண்டியின் அன்றாடப் பராமரிப்பை நம் கையாலேயே செய்துகொள்வதா, அல்லது பட்டறைக்காரர் பொறுப்பில் விட்டுவிடுவதா என்பதே அக்கேள்வி. தமிழ்நாட்டை விட்டு வந்து தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்கின்ற நம்மைப் போன்றோருக்கு இது சற்றுக் கூடுதலாகவே எழுகிறது. சொந்த ஊராயின், 'முன்பக்கம் ஏதோ கடகடவென்கிறது, கொஞ்சம் பாருங்கள்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். 'கடகட' என்பதற்கும் 'கறகற' என்பதற்கும் 'கிறீச்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தியில் எடுத்துரைக்க முயன்று தோற்றவர்களில் நானும் ஒருவன். வாயால் ஒலி எழுப்பிக் காட்டியும் பார்த்தேன். பட்டறையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். வண்டியின் ஒலி மட்டும் நிற்கவில்லை.

இக்கேள்விக்கு நான் கண்ட விடையைக் கூறுமுன், அவ்விடையை எனக்குக் கற்பித்த நிகழ்ச்சியைக் கூறிவிடுகிறேன்.

2018ஆம் ஆண்டு மே மாதம். சேலத்தில் என் தங்கை மகளுக்குத் திருமணம். தில்லியிலிருந்து காரிலேயே போவது என்று முடிவு செய்தோம். நான், என் மனைவி, எழுபத்து நான்கு வயதான என் தாயார் ஆக மூவர். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் வண்டியைப் பட்டறையில் விட்டேன். அவர்களும் அதைக் கழுவித் துடைத்து, பார்க்கவேண்டிய பொருள்களின் பட்டியல் ஒன்றில் ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறியிட்டு, பில்லோடு சேர்த்துக் கொடுத்தார்கள். அத்தாளை நான் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பானெட்டைத் திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காசுமீரத்திலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இரண்டாம் நாள் போய்க்கொண்டிருந்தோம். சாகர் நகரைக் கடந்து, நாகபுரியை நோக்கி, சிவனிக்கு இன்னும் சில கல் தொலைவு இருக்கும். நண்பகல். எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டிருப்பதை என் மனைவிதான் முதலில் கண்டாள். சாலையோரத் தாபா ஒன்றின் அருகே வண்டியை நிறுத்தினேன். பானெட்டைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை போலும், திறந்து ஊற்றிவிடுவோம் என்று எண்ணி, துண்டை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைப் பிடித்தேன். பின்னால் அமர்ந்திருந்த என் தாயார், "முருகா!" என்றார்.

தாபா நிழலில் நின்றிருந்த நாமக்கல் லாரியின் ஓட்டுநர் காதில் அந்த ஒரு சொல் விழுந்திருக்கவேண்டும். எங்கள் வண்டி தில்லி எண் கொண்டது. நாங்கள் தமிழர் என்று அவர் அறிய வேறு வழியில்லை. ஓடிவந்து என் கையைப் பற்றினார்.

"ஏனுங்க, கையை எடுங்க! சூட்டோட மூடியைத் தொறந்தா மொகம் வெந்து போயிருமுங்க."

அவர் சொன்னது உண்மையே. மூடிய குழாய்களுக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீர் நூறு பாகைக்கு மேலே சூடேறியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்து அவ்வழுத்தத்தை நீக்கிவிட்டால், அந்நொடியே ஆவியாகிப் பீறிட்டு எழும். அவர் வந்திராவிட்டால் அந்தத் திருமணத்தை நான் பார்த்திருக்கமாட்டேன்.

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். எஞ்சின் ஆறியபின் அவர் குனிந்து பார்த்தார். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர்க் குழாயின் பட்டை சரியாக முறுக்கப்படாமல் தளர்ந்திருந்தது. தில்லியிலிருந்து அந்த இடம் வரை குளிர்விக்கும் நீர் சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டே வந்திருக்கிறது. அவர் ஒரு திருப்புளியை எடுத்துப் பட்டையை இறுக்கினார். புட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். பிறகு என்னைப் பார்த்து, "கெளம்பறப்ப ஒருக்கா தொறந்து பாக்கலீங்களா?" என்று கேட்டார்.

"பட்டறையில் பார்த்தார்கள்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் காட்டினேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. "ஓட்டறது நீங்கதானுங்களே?" என்றார்.

இக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. பட்டையை இறுக்க மறந்தவர் பட்டறைக்காரர் என்பது உண்மை. மறதி யாருக்கும் உண்டு. ஆனால் புறப்பட்ட அன்று காலையில் வண்டி நின்ற இடத்தில் தரையை ஒரு முறை பார்த்திருந்தால், பச்சை நிறத்தில் நாலைந்து சொட்டுகளை நான் கண்டிருப்பேன். அதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. இரண்டு நிமிடப் பொழுது போதும். அந்த இரண்டு நிமிடத்தையும் நான் பட்டறைக்கு ஒப்படைத்துவிட்டேன்.

ஒரு காலத்தில் இக்கேள்விக்கே இடமில்லாதிருந்தது. உத்தரபாடாவில் 1950களின் இறுதியில் உருவாகத் தொடங்கி 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரையோ, மும்பையின் குர்லாவில் உருவான பியட்டையோ, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டையோ வைத்திருந்தவர்கள் எல்லோரும் பாதி மெக்கானிக்குகளாகவே இருந்தார்கள். கார்புரேட்டரின் ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதிச் சுத்தம் செய்யாத அம்பாசிடர் சொந்தக்காரர் அரியர். அவ்வண்டிகளுக்கு அடிக்கடி கிரீசு அடிக்கவேண்டும், பிளக்கைத் தேய்க்கவேண்டும். செய்யாவிட்டால் வண்டி நகராது. 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 தில்லிச் சாலைக்கு வந்தபோது நிலைமை மாறத் தொடங்கிற்று. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொட்டு விற்கப்படும் கார்கள் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டவை. அவற்றில் எரிபொருளை அளந்து தருவது கணிப்பொறி. நாம் திருகிச் சரிசெய்யத்தக்க திருகாணி ஒன்றும் அங்கே இல்லை. இதனால், 'இக்காலத்துக் காரில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்ற எண்ணம் பரவிவிட்டது.

இந்த எண்ணம் பாதி உண்மை. திருத்துகின்ற வேலை நம் கையை விட்டுப் போயிருக்கலாம். பார்க்கின்ற வேலை போகவில்லை. வண்டியோடு வரும் கையேட்டிலேயே, சொந்தக்காரர் தாமே பார்க்கவேண்டியவை இவை என்று தனிப் பகுதி ஒன்று இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அப்புத்தகத்தை அதன் உறையைக்கூடப் பிரிக்காமல் வண்டியிலேயே வைத்திருக்கிறோம்.

பார்க்கவேண்டியவை எவை என்று வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, எஞ்சின் எண்ணெய். சமதரையில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியிருக்கும் காலை வேளையில், எண்ணெயின் அளவுகோலை உருவித் துணியால் துடைத்து, மீண்டும் முழுவதும் செருகி எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள இரண்டு குறிகளுக்கும் இடையே எண்ணெய் நிற்கவேண்டும். கீழ்க்குறிக்கும் கீழே போயிருந்தால் ஆபத்து. மேற்குறிக்கும் மேலே நிரப்பினாலும் தீங்கு உண்டு. எண்ணெயில் பல வகை இருப்பதால், எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்தே வாங்கவேண்டும். கடைக்காரர் கொடுத்ததை வாங்கி ஊற்றலாகாது.

இரண்டாவது, குளிர்விக்கும் நீர். இதற்கென வெளியே தெரியும் ஒரு சிறு தொட்டி உண்டு. அதன் பக்கத்திலும் இரண்டு குறிகள் இருக்கும். மூடியைத் திறவாமலே பார்த்துக்கொள்ளலாம். இந்த நீர் தானாகக் குறையும் பொருள் அன்று. குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்பது பொருள். மீண்டும் மீண்டும் நிரப்பிக்கொண்டு ஓட்டுவது, கூரை ஒழுகும் வீட்டில் பாத்திரத்தை மாற்றி மாற்றி வைப்பது போன்றதாகும். அன்றியும், ஆபத்து வேளை தவிர மற்ற நேரங்களில் குழாய்த் தண்ணீரை இதில் ஊற்றலாகாது. உப்பு மிகுந்த தண்ணீர் உள்ளே பாறைபோல் படிந்து வழியை அடைத்துவிடும்.

மூன்றாவது, பிரேக்குக்கு உரிய திரவம். இதைக் கண்ணால் பார்ப்பதோடு நம் வேலை முடிகிறது. பிரேக்குக் கட்டைகள் தேயத் தேய இத்திரவத்தின் மட்டம் சிறிது சிறிதாக இறங்கும். கசிவு ஏற்பட்டாலும் இறங்கும். ஆகவே மட்டம் குறைந்திருப்பது ஒரு செய்தி. அதை நிரப்பிவிட்டால் செய்தியை அழித்துவிட்டோம் என்று பொருள். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் கலந்த திரவம் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். முசூரிக்கோ உதகைக்கோ சென்று இறங்கும் மலைப்பாதையில் பிரேக்கு மிதி திடீரெனத் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆதலின், குறிப்பிட்ட காலத்திற்கு ஒரு முறை பட்டறையில் இதை முற்றும் மாற்றச் சொல்லவேண்டும்.

நான்காவது, டயர். ஜூன் மாதத்துத் தில்லிப் பிற்பகலில், 45 பாகை வெப்பத்தில், ஒரு டயரில் 33 பவுண்டு காற்று அடைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து சிறிதும் கசியாவிட்டாலும், டிசம்பர் மாத விடியற்காலையில் 5 பாகைக் குளிரில் அதே டயர் ஏறக்குறைய 27 பவுண்டுதான் காட்டும். குளிரில் காற்றின் அழுத்தம் குறைவது இயற்கை விதி. சென்னையில் இருந்தவரை நாம் இதை அறிந்ததில்லை. அங்கே கோடைக்கும் குளிருக்கும் இவ்வளவு வேறுபாடு கிடையாது. காற்றுக் குறைந்த டயர் நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும்போது பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கக்கூடும். மாதம் இருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், சொந்த அளவுமானியால் அழுத்தத்தைப் பாருங்கள். ஸ்டெப்னியையும் மறவாதீர்கள். டயரின் பள்ளங்களுக்கு இடையே சிறு மேடுகள் தெரியும். மேல்தோல் தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மீந்திருக்கிறது என்று அறியலாம். மும்பையில் இருப்பவர்கள் இதை மே மாதத்திலேயே பார்த்துவிடவேண்டும். மழை இறங்கியபின் பார்ப்பதில் பயனில்லை. வைப்பரின் ரப்பருக்கும் இது பொருந்தும்.

ஐந்தாவது, பாட்டரி. தில்லியிலும் லக்னோவிலும் டிசம்பர் மாதக் காலையில் வண்டி கிளம்பாமல் நிற்கும்போது, குளிர்தான் பாட்டரியைக் கெடுத்தது என்று எல்லோரும் கூறுவர். உண்மையில் பாட்டரியை மிகுதியும் தேய்ப்பது கோடை வெப்பமே. ஜூனில் பட்ட அடியை டிசம்பர் வெளிப்படுத்துகிறது. அதன் முனைகளில் வெண்மையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருப்பதை வெந்நீரும் சமையல் சோடாவும் கொண்டு கழுவிவிடலாம். இணைப்பைக் கழற்றும்போது கழித்தல் குறியுள்ள முனையை முதலில் கழற்றி, பூட்டும்போது அதையே கடைசியில் பூட்டவேண்டும். மாறிச் செய்தால், கையிலுள்ள ஸ்பேனர் வண்டியின் உடம்பைத் தொட்டதும் பெரும் தீப்பொறி எழும்.

ஆறாவது, காற்று வடிகட்டி. இராஜஸ்தானத்துப் புழுதி தில்லி வரை வீசும் மே, ஜூன் மாதங்களில், எஞ்சின் மூச்சு விடுவது இந்தக் காகித வடிகட்டி வழியேதான். பல வண்டிகளில் நாலைந்து கவ்விகளை நெம்பினால் இது வெளியே வந்துவிடும். புழுதி மிகுந்த ஊர்களில் இதை இன்னும் முன்னதாகவே மாற்றவேண்டும் என்று கையேடே கூறும். பட்டறையில் இதை மாற்றியதாகப் பில்லில் எழுதியிருக்கும்போது, உண்மையில் மாற்றினார்களா என்று அறியும் வழியும், நாம் ஒரு முறை திறந்து பார்த்திருப்பதே.

இவை ஆறுக்கும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது நிமிடம் ஆகும். கருவி என்று சொன்னால் ஒரு திருப்புளி, இரண்டு ஸ்பேனர், ஒரு காற்று அளவுமானி, ஒரு பழைய துணி, அவ்வளவுதான்.

இவ்வளவு கற்றபின் எனக்கு ஒரு கர்வம் வந்தது. அதையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். எஞ்சின் எண்ணெயைப் பார்த்தாலே போதுமா, அதை மாற்றுவதையும் நாமே செய்தால் என்ன என்று எண்ணினேன். ஒரு விடுமுறை நாளில் வண்டியின் முன்பக்கத்தை ஏற்றி வைத்து, அடியில் உள்ள வடிகால் திருகைக் கழற்றிப் பழைய எண்ணெயை இறக்கினேன். புது எண்ணெய் ஊற்றுமுன் அத்திருகை மீண்டும் பூட்டினேன். நாமக்கல் ஓட்டுநர் குழாய்ப் பட்டையை இறுக்கியது நினைவுக்கு வந்தது. நானும் என் பலமெல்லாம் கொண்டு இறுக்கினேன். ஏதோ மெத்தென்று வழுக்கியது போலிருந்தது. அலுமினியத்தாலான அந்தத் தொட்டியின் மரை அறுந்துவிட்டது. வண்டியை இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக நேர்ந்தது. மிச்சம் பிடிக்க எண்ணிய கூலியைப் போல் பல மடங்கு கொடுத்தேன். அங்கிருந்த முதிய மிஸ்திரி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பேனர் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்து, எவ்வளவு மெதுவாக அத்திருகை இறுக்கினால் போதும் என்று என்னையே செய்துபார்க்கச் சொன்னார். கையின் பலம் வேறு, கையின் பழக்கம் வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

ஆகவே, எதை நாம் செய்வது, எதைப் பட்டறைக்கு விடுவது என்பதற்கு நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதற்கேள்வி: தவறு நேர்ந்தால் இழப்பது பணமா, உயிரா? பிரேக்கு, ஸ்டியரிங், சக்கரத்தைத் தாங்கும் உறுப்புகள் ஆகியவற்றில் பிழை நேர்ந்தால், அதை நாம் அறிவது ஓடும் வண்டியில்தான். விபத்தில் விரியும் காற்றுப்பைகள் வெடிமருந்து கொண்டவை. அவற்றின் அருகே திருப்புளியைக் கொண்டு செல்லலாகாது. மின்சாரக் கார்களிலும், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து இயங்கும் கார்களிலும் ஆரஞ்சு நிறம் பூண்ட கம்பிகள் தெரியும். அவற்றில் ஓடும் மின்சாரம் உயிரைப் போக்கவல்லது. இவையெல்லாம் பயிற்சி பெற்றவர் கைக்கே உரியவை. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுப்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே. சக்கரத்தை மாற்றும் நேரத்திற்கு மட்டுமே அந்த ஜாக்கி. அதன் கீழே மனிதன் புகுவதற்காக அன்று.

இரண்டாம் கேள்வி: அவ்வேலைக்கு வேண்டிய கருவியும் அளவும் என்னிடம் உண்டா? என் வடிகால் திருகு இதற்குச் சான்று. சக்கரங்களை நேர்ப்படுத்துவதும், குளிர்சாதனத்துக்கு வாயு நிரப்புவதும் வீட்டு வாசலில் செய்யும் வேலைகள் அல்ல.

மூன்றாம் கேள்வி: கழிவை எங்கே போடுவது? இக்கேள்வியை நம்மில் பலர் கேட்பதே இல்லை. எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய எண்ணெய், 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளுக்கு உட்பட்ட பொருள். அதைச் சாக்கடையில் ஊற்றினால், தில்லியில் அது நஜஃப்கட் வாய்க்கால் போன்றவற்றின் வழியே யமுனையை அடையும். மும்பையில் தாராவியை ஒட்டி ஓடும் மிட்டி ஆற்றைச் சேரும். கொல்கத்தாவின் சாக்கடை நீரோ நகரின் கிழக்கே உள்ள ஈரநிலங்களுக்குச் செல்கிறது. அந்நீரில்தான் அந்நகர மக்கள் உண்ணும் மீனில் ஒரு பகுதி வளர்கிறது. எண்ணெயைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் இடம் ஒன்று தெரியாதவரையில், எண்ணெய் மாற்றும் வேலையைப் பட்டறைக்கு விடுவதே முறை. பழைய பாட்டரியையும், புதியது வாங்கும் கடையிலேயே திரும்பக் கொடுத்துவிடவேண்டும்.

வண்டி உத்தரவாதக் காலத்தில் இருக்கும்போது நாமே கை வைக்கலாமா என்று சிலர் ஐயுறுவர். எண்ணெயைப் பார்ப்பதும் காற்றடிப்பதும் உத்தரவாதத்தைக் கெடுப்பவை அல்ல. ஆனால் குறித்த காலத்துச் சர்வீசை நிறுவனம் ஏற்கும் பட்டறையில் செய்து, அதைச் சர்வீசுப் புத்தகத்தில் பதியச் செய்வது நல்லது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் பக்கத்துப் பட்டறைக்குச் செல்வது நம் விருப்பம். இங்கே ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. அசல் உதிரி உறுப்புகளும் பழுதறியும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி தடுத்தமைக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதன்மேல் மேல்முறையீடுகள் எழுந்தன. 2022ஆம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளத்தைத் தொடங்கியபோது, அதில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது. சொந்தக்காரனுக்கும் சிறு பட்டறைக்காரருக்கும் தம் முன் நிற்கும் வண்டியைப் பற்றி அறியும் உரிமை உண்டு என்ற கருத்து இவற்றால் வலுப்பெற்றிருக்கிறது.

உதிரி உறுப்புகளை நாமே வாங்க விரும்பினால் ஒவ்வொரு பெருநகரிலும் அதற்கென ஓர் இடம் உண்டு. தில்லியில் காசுமீரி கேட், பெங்களூரில் ஜே.சி. சாலை, விடுமுறைக்குச் சென்னை செல்வோருக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும் சென்னையின் புதுப்பேட்டையும் பழைய உறுப்புகளுக்குப் பேர்போனவை. வடிகட்டிக்கும் வைப்பருக்கும் இக்கடைகள் போதும். பிரேக்கு உறுப்புகளை மட்டும், அசல் என்பதில் உறுதி இருந்தாலன்றி வாங்கவேண்டாம்.

இவ்வாறெல்லாம் செய்வதால் எவ்வளவு பணம் மிஞ்சும் என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொன்னால், அதிகம் மிஞ்சாது. வடிகட்டி, வைப்பர், பல்பு ஆகியவற்றின் கூலி மிஞ்சும். வீணாகப் போகாத பெட்ரோலும் நெடுநாள் உழைக்கும் டயரும் ஓரளவு கைகொடுக்கும். பணத்தை எண்ணி இவ்வேலையில் இறங்குபவர், நான் மரையை அறுத்ததுபோல், ஒரே நாளில் எல்லாவற்றையும் இழக்கவும் கூடும்.

மிஞ்சுவது வேறொன்று. முன்பெல்லாம் நான் பட்டறைக்குச் சென்று, "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்லி நிற்பேன். இப்பொழுது, "குளிர்நீர் பத்து நாளில் ஒரு விரற்கடை குறைந்திருக்கிறது, முன் இடப்பக்க டயர் உட்புறமாகத் தேய்கிறது" என்று சொல்கிறேன். என் இந்தி இன்னும் குறையுடையதுதான். ஆனால் சொல்லவேண்டிய செய்தி என்னிடம் இருக்கிறது. சொல் தட்டினால் கையால் தொட்டுக் காட்டுகிறேன். பிற மொழியில் பேசத் தயங்குகிறவர்கள், கண்டவற்றை ஒரு தாளில் எண் இட்டு, அவ்வூர் மொழி தெரிந்த அண்டை வீட்டாரைக் கொண்டு எழுதி எடுத்துச் செல்லலாம். மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தரும்படி முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஓடிய தொலைவையும் செய்த வேலையையும் ஒரு சிறு நோட்டில் குறித்து வாருங்கள். பட்டறைக்காரரைச் சந்தேகிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அறிந்து பேசுகிறவனிடம் நல்ல மெக்கானிக்கு மகிழ்ந்து பேசுகிறார் என்பதை அனுபவத்தில் கண்டேன். என் மரையைச் சீர்செய்த முதிய மிஸ்திரி, இப்பொழுது நான் சென்றால் பானெட்டைத் திறக்குமுன், "இந்தத் தடவை என்ன கண்டீர்கள்?" என்று கேட்கிறார்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் இந்த வண்டியில் நெடுந்தூரம் போகின்றன. முதியவர்களையும் குழந்தைகளையும் பின்னால் அமர்த்திக்கொண்டு, மொழி தெரியாத மாவட்டங்களின் வழியே போகிறோம். எல்லாத் தாபாவின் நிழலிலும் ஒரு நாமக்கல் லாரி நிற்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில், சாவியைத் திருப்புமுன், பானெட்டைத் திறந்து பாருங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் கூட வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அளவுகோலை உருவித் துடைத்துப் பார்ப்பதில் அவர்களுக்கு உள்ள ஆர்வம் நமக்கு இராது. பார்த்து முடித்தபின், வண்டியை இரண்டடி பின்னே நகர்த்தி, அது நின்ற தரையையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.